பச்சை எரியும்வரை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் மனைவியின் தம்பி செய்துகொடுத்த ஒரு பெட்டியின் மேல் வந்த கோபம். பழைய பேட்டரி, அதன் தலையில் சின்னதாக ஒரு சர்க்யூட், இரண்டு விளக்குகள். பேட்டரியில் தெம்பிருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: [சூரியன் எங்கள் ஜன்னலில் தங்கம் பூசிய வேளையில்] தூ! எங்கள் ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.

2

என் மனைவிக்கு மூச்சிரைப்பு. வந்துவிட்டால் மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷினை முகத்தில் வைக்க வேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதற்குத்தான் பெட்டி.

"மீட்டர் வச்சுப் பாத்துட்டேன் மாமா. பன்னெண்டரை வோல்ட் காட்டுது. பச்சை எரியுற வரைக்கும் காலை நீட்டிப் படுங்க" என்றான் மச்சான்.

போன வாரம் மத்தியானம் கரண்ட் போனது. அவளுக்கு இரைக்கத் தொடங்கியது. மெஷினைப் பெட்டியில் மாட்டினேன். ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. சிவப்பு. பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் பச்சை! மறுபடி மாட்டினேன். சிவப்பு. அவள் உதடு

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

கரண்ட் தானாகத் திரும்பி வந்தது. அதனால் அவள் இருக்கிறாள். யாருடைய கெட்டிக்காரத்தனமும் இதில் இல்லை.

3

அவள் செத்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், எழுந்து போகலாம். உங்களுக்காக என் பெண்டாட்டியைக் கொல்ல முடியாது.

மச்சானைப் பிடித்துக் கேட்டேன்.

"மெஷின மாட்டி ஓட்டிப் பாத்தியாடா?"

"இல்ல மாமா. ஓட்டினா சார்ஜ் வீணாயிடுமேன்னு..."

"யாருக்குடா மிச்சம் பிடிச்சு வச்ச?"

"விடுங்க" என்றாள் அவள், கட்டிலில் இருந்து. "மீட்டருக்கு மூச்சு முட்டாம பாத்துக்கிட்டான். அக்கா ஞாபகம் வரல."

அவன் சிரிக்கவில்லை. நானும்தான்.

* ஓரக்குறிப்பு: மூட்டை தூக்கக் கிடங்கில் ஆள் எடுக்கும் மேஸ்திரியும் மச்சான் ரகம்தான். வரிசையைப் பார்த்து, "நீ தெம்பா இருக்க, வா" என்பான். சும்மா நிற்கும்போது எவன் தெம்பாக இல்லை? மூட்டை ஏறின பிறகு முழங்காலைப் பாரடா! பார்க்க மாட்டான். அதற்குள் அவன் நிழலுக்குப் போயிருப்பான்.

4

இப்போது மச்சான் வேறு பேட்டரி போட்டுக் கொண்டுவந்திருக்கிறான்.

"இந்தத் தடவை நம்புங்க மாமா."

"நம்ப மாட்டேன். மாட்டு."

மெஷின் கிண்ணத்தில் மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றினோம். மெஷின் தரையில் ஓடுகிறது. யார் முகமும் இல்லாமல் புகை விடுகிறது. கிண்ணத்துத் தண்ணீர் தீரும்வரை ஓடினால்தான் அடுத்த முறை அவளுக்கு மூச்சு. அதுவரை சும்மா உட்கார்ந்தால் இவனை அடித்துவிடுவேன் என்றுதான் பேனாவை எடுத்தேன். இந்தக் கதை மொத்தமும் அந்த நேரத்துக்குள் எழுதியது. கோணல்மாணலுக்கு அதுதான் காரணம்.

கிண்ணத்தில் பாதி இருக்கிறது. பச்சை.

"எழுதிக் கிழிச்சது போதும், இங்க பாருங்க" என்கிறாள்.

[சத்தம் கொஞ்சம் இறங்கியது மாதிரி] இல்லை. [விளக்கு லேசாக]

மச்சான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறான்.

முடிவு கேட்காதீர்கள். தண்ணீர் இன்னும் இருக்கிறது. இதற்குள் முடிவு எழுதினால், ஓட்டிப் பார்க்காமல் பச்சையைக் காட்டினவன் ஆகிவிடுவேன். உங்களிடம் ஒரு முடிவு தயாராக இருந்தால் வையுங்கள். ஆனால், அதில் அவளை மூச்சு விடச் சொல்வதற்கு முன்னால், மெஷினை ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.