வெயில் சாய்ந்தால் தெரியும் காளை

ரேணுகா மறுபடியும் எழுந்துவிட்டாள். பந்தலில் நாற்காலி போதவில்லை என்று உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்கிவரப் போனவளை நாத்தனார் சந்திரம்மா புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"ஒரு எடத்துல குந்து. நாற்காலி போட நீதான் கெடச்சியா?"

உட்கார்ந்தாள். ஆனால் கால் நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது. கூடத்தின் நடுவே உடலுக்காக இடம் ஒழித்து வைத்திருந்தார்கள். அவள் புருஷன் தர்மராஜ் இன்னும் வந்து சேரவில்லை. காலையில் பாறையிலிருந்து விழுந்தவனைத் தூக்கும்போதே உயிர் இல்லை. விழுந்து செத்தவனை அறுத்துப் பார்க்காமல் கொடுக்கமாட்டார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, போன் செய்யும்போதெல்லாம் "வந்துடுவோம்மா" என்றான் மகன் ஆனந்தன். ரேணுகாவுக்கு அழுகைகூட முழுசாக வரவில்லை. பாதி அழுகையில் நிறுத்தி, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்டாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெயில் இறங்கத் தொடங்கியபோது பந்தலுக்கு எதிரே ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய கணவன் மனைவி இருவரும் சொந்தக்காரர்கள் இல்லை. கணவர் கழுத்தில் கேமரா தொங்கியது. அந்தம்மாள் பந்தலைப் பார்த்ததும் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டாள்.

"தர்மராஜ் வீடு..." என்று இழுத்தார் அவர். "என் பேரு ராமானுஜம், கல்பாக்கத்துலேருந்து வரோம். வேடந்தாங்கல் பாத்துட்டு சாயங்காலம் வரோம்னு சொல்லியிருந்தேன். பாறையில செதுக்கியிருக்கிற படமெல்லாம் காட்டறேன்னார். போன் பண்ணினா எடுக்கல..."

சந்திரம்மா எழுந்தாள்.

"நீங்கதானா அது? உங்களுக்கோசரம்தான்யா என் தம்பி பாற மேல ஏறி முள்ள வெட்டிகினு இருந்தான்! வந்துட்டாங்க, படம் பாக்க!"

அவர்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "ஐயோ, எங்களுக்குத் தெரியாதும்மா" என்றாள் மனைவி சியாமளா. இருவரும் காரைப் பார்க்கத் திரும்பினார்கள்.

"இருங்க," என்றாள் ரேணுகா. "நான் காட்றேன்."

"இன்னாடி இது? பொணம் வர்ற நேரத்துல எங்க போற?"

"அவுரு வர்றதுக்குள்ள வந்துடறேன் அண்ணி."

"ஊரு சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும். காத்தாலேந்து இங்க குந்தி குந்தி எனக்குப் பைத்தியம் புடிக்குது. அவுரு வுழுந்த எடத்தக்கூட எனக்கு ஒருத்தரும் காட்டல."

சொல்லிவிட்டு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. வந்தவர்கள் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார்கள்.

ஏரிக்கு அப்பால் யானை படுத்தாற்போல் கிடந்தது அந்தப் பாறை. ஆடு தேடிப் போன இடத்தில் தர்மராஜ் கண்ணில் பட்டவை அதில் செதுக்கியிருந்த கோடுகள். பிறகு ஒரு கல்லூரிக்காரர் வந்து பார்த்து, இரும்பு என்றால் என்னவென்றே தெரியாத காலத்து ஆட்கள் கல்லால் கல்லைக் கொத்தி வரைந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவனுக்கு அதே பேச்சு. யாராவது கேட்டு வந்தால் ஷேர் ஆட்டோவை அப்படியே ஓரங்கட்டிவிட்டுக் கூட்டிப்போவான். சொல்வதில் பாதிக்கு மேல் அவனே கட்டிய கதை. கல்யாணமான புதிதில் ரேணுகாவையும் கூட்டிப்போனான். அது உச்சி வெயில். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "வெறுங்கல்லுய்யா" என்றாள். "வெயிலு சாயறப்ப வா, தெரியும்" என்றான். சாயங்காலம் அவளுக்கு மாடு கறக்கும் நேரம். கூப்பிட்டுப் பார்த்து, அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

முள்காட்டுக்குள் பாதை அகலமாக வெட்டியிருந்தது. வெட்டிய முள்ளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, தரையைத் துடைப்பத்தால் பெருக்கிக்கூட வைத்திருந்தான். வீட்டில் ஒருநாளும் துடைப்பத்தைத் தொட்டவனில்லை. ரேணுகா வெறுங்காலோடு நடந்தாள். ஒரு முள்கூடக் குத்தவில்லை.

பாறையடியில் ரத்தத்தை யாரோ மண்ணள்ளிப் போட்டு மூடியிருந்தார்கள். அந்த இடத்தைப் பார்த்தாள். குனியப்போனவள் குனியவில்லை. சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனாள்.

அங்கே வெயில் பாறைமேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு முதுகு தெரிந்தது. பிறகு திமில், வளைந்த கொம்பு. முழுசாக ஒரு காளை. அதன் பின்னால் கோலோடு ஒரு ஆள். இன்னும் தள்ளி, அரைகுறையாக விட்டுப்போன ஏதோ ஒன்று.

"இருக்குது," என்றாள் ரேணுகா.

ராமானுஜம் கேமராவைத் தொடவில்லை.

"எடுங்க சார். அதுக்குத்தான வந்தீங்க."

எடுத்தார். மறுபடியும் எடுத்தார்.

"நாங்க வரோம்னு சொல்லாம இருந்திருந்தா..." என்று தொடங்கினாள் சியாமளா.

"நீங்க இல்லன்னா வேற யாருக்காச்சும் ஏறியிருப்பாரு. சொன்னா கேக்கற ஆளா?"

குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அரைகுறை உருவத்தைக் காட்டி, "இது என்னன்னு சொல்வாரும்மா?" என்று மெல்லக் கேட்டாள் சியாமளா. ரேணுகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கேட்டுக்கல," என்றாள்.

பிறகு சட்டென்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைமேல் ஏறத் தொடங்கினாள். "அம்மா, வேண்டாம்மா!" என்று கத்தினாள் சியாமளா. ராமானுஜம் கீழே கைகளை விரித்தபடி நின்றார். கல் இன்னும் சூடாக இருந்தது. உச்சிக்குப் போய் நிமிர்ந்தபோது காற்று அவள் தலைமயிரைக் கலைத்தது.

ஏரி தெரிந்தது. ஏரிக்குப் பின்னால் ஊர். திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து ஒரு வெள்ளை ஆம்புலன்ஸ் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஆனந்தன் பின்னால் அப்பாவோடு உட்கார்ந்திருப்பான், அங்கிருந்து சாலை தெரியாது. கல்குவாரிக்குப் பாதை பிரியும் இடத்தில் வண்டி நின்றது. டிரைவர் கதவைத் திறந்து இறங்கி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தான். வழி கேட்க அங்கே ஒரு ஆளும் இல்லை.

ரேணுகா முந்தானையை உருவித் தலைக்கு மேல் வீசினாள். அவன் கவனிக்கவில்லை. மறுபடியும் வீசினாள். இந்தத் தடவை டிரைவர் நெற்றிமேல் கைவைத்துப் பாறையைப் பார்த்தான்.

அவள் கையை நீட்டி, வீடு இருக்கும் பக்கம் காட்டினாள்.