வாசலில் கழற்றிய செருப்பு

எங்கள் கலியாண நாளுக்கென்று மகள் ஆரணி எங்களை நல்லூரில் ஒரு ஹோட்டலுக்கு அனுப்பிவைத்தாள். நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடொன்றைத் திருத்தி எடுத்திருந்தார்கள். குறை பிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன், ஒன்றும் அகப்படவில்லை. சிவப்புச் சீமெந்து நிலத்தில் தூண்கள் தலைகீழாகத் தெரிந்தன. சுன்னாகத்தில் வெங்காயத் தோட்டம் செய்யும் என் கணவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"ஐயா, செருப்போடை வரலாம். இது ஹோட்டல்தானே," என்றார் முகாமையாளர்.

"சப்பாத்துக் காலோடை உந்த நிலத்தை மிதிக்க உமக்கு மனம் வருதோ, தம்பி?" என்று இவர் சீறினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் எங்கள் செருப்புகளை வாசலில் தேட வேண்டியிருந்தது. அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரரின் சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. கடைசியில், பளபளவென்று முகாமையாளருடையவை.