விளம்பர இடைவேளைக்காரர்கள்

கேபிள் இணைப்பைத் துண்டித்து இரண்டு மாதம் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பற்பசை விளம்பரத்தில் வரும் வெள்ளைக்கோட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டு அழைப்புமணியை அடித்து, உள்ளே வரலாமா என்று கேட்டார். கையில் அதே பெரிய பிளாஸ்டிக் பல்வரிசை. பல் தேய்த்துக்கொண்டே கதவைத் திறந்த மெக்கானிக் வாய் நிறைய நுரையோடு நின்றார். இருபது வருஷமாகத் தினமும் பார்த்த முகம். யார் நீங்கள் என்று எப்படிக் கேட்பது? வந்தவரே அவர் வாயைக் கூர்ந்து பார்த்து, "பிரஷ்ஷை இவ்வளவு அழுத்தாதீங்க சார், ஈறு தேஞ்சிடும்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அவருக்குப் பின்னால், கறைபட்ட சட்டையை விரித்துப் பிடித்தபடி சோப்புத்தூள் அம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுதுபார்க்கிறவருக்கு வாய்த்தது மூன்றாவது மாடி, அதுவும் லிஃப்ட் இல்லாத கட்டடம். கடைசியாகப் பிஸ்கட் குடும்பம் வந்தது: அப்பா, அம்மா, பையன், பெண், நால்வரும் சிரித்தபடி. படியேறிய களைப்பு அவர்கள் சிரிப்பில் தெரியவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். கேபிள் இருந்த காலத்தில் ஒரே கம்பியில் எல்லாம் வந்தது. வேண்டியது, வேண்டாதது, புரியாத மொழி எல்லாம் சேர்த்து ஒரே விலை. ஒருநாள் கேபிள்காரரே வந்து, "தெருவுல எல்லாரும் ஆப்புக்கு மாறிட்டாங்கண்ணே. உங்க ஒரு வீட்டுக்காக நான் கம்பியத் தூக்கிக்கிட்டு நிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு பந்தாட்டத்துக்கு ஒரு சந்தா, மனைவியின் தொடருக்கு ஒரு சந்தா, மகள் பார்க்கும் வெளிநாட்டுத் தொடருக்கு வேறொரு சந்தா, பழைய படங்களுக்கு இன்னொன்று என்று, மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி வாங்குவதுபோல் தனித்தனியாக வாங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றிலும் இரண்டு விலை. விளம்பரத்தோடு என்றால் மலிவு, விளம்பரம் இல்லாமல் என்றால் கூடுதல். மெக்கானிக் யோசிக்கவே இல்லை. ஓடுகிற லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். நின்றால் அது பழுது. ஆகவே எல்லாச் சந்தாவையும் விளம்பரம் இல்லாததாகவே எடுத்தார். வீட்டிலிருந்த ஒரு பெரிய பழுதை நீக்கிவிட்டதாக அன்றைக்கு அவருக்குத் திருப்தி.

ஆனால் அந்தக் குடும்பம் பேசிக்கொண்டதே விளம்பர இடைவேளையில்தான். கல்யாணமான முதல் வாரத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. நிகழ்ச்சி ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. விளம்பரம் வந்ததும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். மெக்கானிக் கூச்ச சுபாவக்காரர். பேச்சுக்கு ஒரு முடிவு உண்டு என்று தெரிந்தால்தான் அவரால் ஆரம்பிக்கவே முடியும். மகளுக்குப் பெயர் வைத்தது, மனைவியின் பித்தப்பையை எடுக்கச் சம்மதித்தது, இந்த வீட்டை வாங்கியது எல்லாம் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் முடிவானவை. சண்டையும் அப்படித்தான். நிகழ்ச்சி மறுபடி தொடங்கியதும் சண்டை நின்றுவிடும். அடுத்த இடைவேளைக்குள் பாதி ஆறியிருக்கும். இந்த ஒரே காரணத்தால்தான் அவர்கள் குடும்பம் குலையாமல் இருந்தது என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள்.

விளம்பரம் நின்றதும் பேச்சும் நின்றது. மெக்கானிக் கூடத்தில் பெரிய திரையில் பந்தாட்டம் பார்த்தார். மனைவி தையல் மெஷின் மேல் போனைச் சாய்த்துவைத்து, பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே தொடர் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் மகள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாகவே தொடங்கியது. யாருடைய நிகழ்ச்சியும் எங்கேயும் நிற்கவில்லை.

மெக்கானிக்குக்குத் தெரியாதது இது. மகளுக்கு வடக்கே ஒரு குளிர் ஊரில், லென்ஸ் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். அப்பா வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. அம்மாவிடமும் அவள் வாயால் சொல்லவில்லை; கனமான கம்பளித் துணி ஒன்றை மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். தையல்காரிக்குச் சொல்லவா வேண்டும்? துணியைத் தடவிப் பார்த்தே எத்தனை தொலைவு, எவ்வளவு குளிர் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே கோட்டு வெட்டத் தொடங்கினாள்.

மெக்கானிக்கின் கண்ணில் பட்டதெல்லாம் துண்டு துண்டாகத்தான் பட்டது. பரண் மேலிருந்த பெட்டி கீழே இறங்கியிருந்தது. எந்தப் பள்ளியின் சீருடையிலும் சேராத ஒரு கறுப்புக் கோட்டு மெஷினில் தொங்கியது. போகப்போவது யார், மகளா மனைவியா, இல்லை இருவருமா? வெளியூர் லிஃப்ட் வேலைக்குத் தன்னைத்தான் அனுப்பப்போகிறார்களோ என்றுகூட ஒருநாள் நினைத்து, கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். கைகூட நுழையவில்லை. ஒரு மாலை, பார்ப்பவர் யார் என்று திரை கேட்டபோது, வழக்கமான மூன்று பெயர்களில் மகளின் பெயர் இல்லை. அந்த இடத்தில் 'ஊருக்குப் போகிறவள்' என்று இருந்தது. அப்பாவிடம் சொல்ல வேறு வழியில்லாமல் மகளே மாற்றிவைத்தது அது. மெக்கானிக் அதைப் புதுத் தொடர் என்று எண்ணி அமுக்கினார். பாதி பார்த்த ஏதேதோ வெளிநாட்டுக் கதைகள் வந்தன. ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். ஊருக்கு யாரும் போகவில்லை.

இந்த நிலையில்தான் விளம்பரக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைக்கோட்டுக்காரர் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். "கேபிள்காரர் எங்களை நிகழ்ச்சியோட சேர்த்துச் சும்மாவே அனுப்பிட்டிருந்தார் சார். நீங்க எங்களை வேணாம்னு தனியா காசு கட்டிட்டீங்க. போக்கிடம் இல்ல. இருபது வருஷம் பழகின வீடு, அதான் இங்கேயே வந்துட்டோம்."

மனைவி எட்டிப்பார்த்தாள். இத்தனை பேரா என்று கேட்கத்தான் வாயெடுத்தாள், ஆனால் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பாயை எடுத்து விரித்துவிட்டுப் போனாள். அவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். மூன்று நாள் போயிற்று. வேலைக்குக் கூப்பிட்டால் எழுந்திருக்கத் தயாராக இருந்தார்கள், ஆனால் தாங்களாக நடுவில் புகமாட்டார்கள். "நிகழ்ச்சி நின்னாத்தான் நாங்க எந்திரிக்கணும். அதுதான் மரியாதை," என்றாள் சோப்புத்தூள் அம்மாள். நிகழ்ச்சியோ நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மகள் தன் அறையிலிருந்து மூன்று முறை கூடத்துக்கு வந்தாள். அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், திரும்பிப் போனாள். மூன்றாவது முறை அவள் மூக்கை உறிஞ்சிய சத்தம் மெக்கானிக் காதில் விழுந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்பது மட்டும் அன்றைக்குத்தான் தெளிவாகப் புரிந்தது. எழுந்தார். ஆளைச் சுமந்து ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அவர் ஆயுளில் வேண்டுமென்று நிறுத்தியது கிடையாது. சுவரிலிருந்த வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். மூன்று திரைகளிலும் வட்டம் சுற்றி, அப்படியே நின்றது.

பாயில் இருந்தவர்கள் சடாரென்று எழுந்தார்கள். வெள்ளைக்கோட்டுக்காரர் பல்வரிசையைத் தேய்க்கத் தொடங்கினார். பிஸ்கட் குடும்பம் பொட்டலத்தைப் பிரித்தது. சோப்புத்தூள் அம்மாள் வாளியில் சட்டையை அமுக்கினாள். தையல் மெஷின் நின்றது. மூவரும் கூடத்தில் சேர்ந்திருந்தார்கள்.

"அப்பா, லென்ஸ் ஃபேக்டரில வேலை கிடைச்சிருக்கு. வடக்க, குளிர் ஊரு. இன்னைக்கே பதில் சொல்லணும்."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு வருஷம்னு சொல்றாங்க."

"சொல்றவங்க அப்படித்தான் சொல்வாங்க," என்றாள் மனைவி. "காலர் உயரமா வேணுமா, சாதாரணமா வேணுமா, அதச் சொல்லு முதல்ல."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மெக்கானிக் மனைவியைக் கேட்டார்.

"துணி குடுத்தா, தச்சேன். யார் என்கிட்ட வாயத் தொறந்தாங்க? இடைவேளையே வேணாம்னு கூடக் காசு குடுத்து வாங்கின மகராசன் நீங்கதானே!"

அதற்குள் பிஸ்கட் பையன் கடைசி பிஸ்கட்டைக் கடித்தான். சோப்புத்தூள் அம்மாள் சட்டையை உதறி வெளிச்சத்தில் காட்டினாள், பளீரென்று வெளுத்திருந்தது. இனி முடியப்போகிறது. மெக்கானிக் சோப்புத்தூள் அம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இன்னொரு தடவை," என்றார்.

"கறையே இல்லீங்களே. எதைத் துவைக்கிறது?"

மெக்கானிக் தன் தம்ளரிலிருந்த தேநீரை அந்தச் சட்டை மேல் ஊற்றினார். அவள் கோபப்படவில்லை. முதலிலிருந்து தொடங்கினாள்.

"நான் போகாதன்னு சொன்னா?"

"போகமாட்டேன்ப்பா. ஆனா உங்க மேல கோவமா இருப்பேன்."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு வருஷம்."

மனைவி சிரித்துவிட்டாள். பிஸ்கட் குடும்பம் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்ததால் அது தனியாகக் கேட்கவில்லை. மெக்கானிக் கோட்டை எடுத்து, மகள் தோளில் வைத்துப் பார்த்தார். கை நீளம் சரியாக இருந்தது. "காலரு உயரமா வைக்கச் சொல்லு பாப்பா, கழுத்துலதான் முதல்ல குளிர் ஏறும்," என்றார். "போயிட்டு வா." சட்டை இரண்டாவது முறை வெளுத்தது.

அவள் போய்ச் சேர்ந்தாள். சோப்புத்தூள் அம்மாள் கூடவே போனாள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு ஒரு ஆள் துணை வேண்டும் என்று மனைவிதான் அனுப்பிவைத்தாள். அந்தத் தெருவில் மற்ற வீடுகளுக்கும் அவரவர் விளம்பரக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மாடி வீட்டுக்கு ஒரு பெயிண்ட்காரர் வந்து வெள்ளையடித்ததையே திரும்பத் திரும்ப அடித்தார். பிஸ்கட் பிள்ளைகள் இருவரையும் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். அவர்கள் வளரவில்லை என்பதால் வருஷா வருஷம் அதே வகுப்பு, அதே அளவுச் சீருடை. மெக்கானிக்கின் மனைவிக்கு அளவெடுக்கும் வேலை மிச்சமாயிற்று. அதே பாடத்தை அதே ஆர்வத்தோடு கேட்கும் பிள்ளைகளை மேல்வகுப்புக்கு அனுப்ப ஆசிரியைக்கும் மனம் வரவில்லை.

மூன்று வருஷம் நான்காயிற்று. ஒரு மத்தியானம் மகள் பத்து நாள் விடுப்பில் வந்தாள். இரண்டு நாள் ரயில் பயணத்தில் கண் சொருகியது. தன் அறைக்குப் போனாள். கட்டிலில் பிஸ்கட் பெண் தூக்கத்திலும் சிரித்துக்கொண்டு, கையைக் காலைப் பரப்பிப் படுத்திருந்தாள். மகள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுடி," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போனாள்.