உப்பு தின்ற வெள்ளி

1

இந்தக் கதை எனக்குப் பிக்கரிங் ரயிலில் கிடைத்தது. பக்கத்தில் இருந்த யூஜினி அக்கா சொல்லச் சொல்ல, எழுதுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பழைய ஆங்கிலேய வெள்ளிச் சாமான்கள் மாலை வெயிலில் மின்னியபோது...'

அக்கா இருந்த நிலத்தடிப் பேஸ்மென்ற் வீட்டில் மாலை வெயில் எங்கே? அடித்துவிட்டேன்.

2

தொண்ணூற்றைந்து ஒக்ரோபர். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில், வோபர்ன் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இறந்துபோக, பிள்ளைகள் வீட்டுச் சாமான்களை முற்றத்தில் பரப்பி விற்றார்கள். யூஜினியின் கணவர் ஜெயரட்ணம் அங்கே மூன்று வெள்ளிச் சாமான்கள் வாங்கினார்: உப்புக் கிண்ணம், மிளகுத்தூள் குப்பி, கடுகுச் சாடி. யாழ்ப்பாணத்தில் சித்தியோடு இருந்த மகள் கிறிஸ்ரினாவுக்கு விசா வந்துவிட்டது. அவள் வந்து சாப்பிட உட்காரும் முதல் நாள் மேசையில் வைக்க வேண்டுமாம்.

யூஜினி கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். "உதிலையும் சிங்கமோ? அங்கை கொடியிலை பாத்தது காணாதோ?"

"உது இங்கிலாந்துச் சிங்கமப்பா. சுத்த வெள்ளிக்கு அடிக்கிற முத்திரை."

இருவரும் சிரித்தார்கள். (அதுதான் அவர்கள் கடைசியாக... வேண்டாம். மலிவான வசனம்.)

3

அந்த மாதக் கடைசியில் இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணமே ஊரைவிட்டு வெளியேறியது. நாவற்குழிப் பாலத்து நெரிசலில் சித்தியின் பிடியிலிருந்து கிறிஸ்ரினாவின் கை நழுவியது. பிறகு ஒரு தகவலும் இல்லை.

உப்பு வெள்ளியை அரிக்கும், அதற்காகத்தான் கிண்ணத்துக்குள்ளே நீலக் கண்ணாடி என்று ஜெயரட்ணம் சொல்லியிருந்தார். யூஜினி அந்தக் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் வெள்ளியில் உப்பைக் கொட்டினாள். மார்கழியில் கிண்ணம் கறுத்துப் புள்ளி விழுந்தது.

"ஏனப்பா உதைக் கழுவேல்லை?"

"ஆருக்கு வைக்க?"

ஜெயரட்ணம் குப்பியையும் சாடியையும் எடுத்துவந்தார். அவற்றிலும் உப்பை நிரப்பினார்.

[இந்த இடத்தில் அவரை அழவைக்க நான்கைந்து தரம் முயன்றேன். அழ மாட்டேனென்றுவிட்டார்.]

4

முடிவு ஒன்று. தொலைபேசி அடிக்கிறது. வவுனியாவிலிருந்து ஒரு குரல்: "அம்மா..."

இதை ரயிலில் யூஜினி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உதை வெட்டும், தம்பி. மூண்டு வருஷமா போன் அடிக்கேக்கை எல்லாம் அவள்தான் எண்டு ஓடிப்போய் எடுக்கிறன். கதையிலையும் என்னை ஓட வைக்கப் போறீரோ?"

வெட்டிவிட்டேன்.

முடிவு இரண்டு. கிறிஸ்ரினா இனி இல்லை என்று ஒரு...

"அதையும் எழுதாதேயும். அதைச் சொல்ல நீர் ஆர்?"

இதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுதத் தோன்றினால் நீங்கள் எழுதுங்கள். வாசித்துக் காட்ட மட்டும் அவளிடம் போகாதீர்கள்.