ஒரு மக் மருந்து, எட்டு மக் தண்ணீர்

நாலாயிரத்து முந்நூற்று இருபது. முதலாளியின் நோட்டில் என் பேருக்கு நேரே எழுதியிருந்த கடன் அது. கைநீட்டி வாங்கிய கடன் இல்லை. சலவைக் கூடத்தில் நான் ஊறவைத்த இருபத்துநாலு படுக்கை விரிப்புகள் சல்லடையாக வெளியே வந்தன. ஒன்று நூற்றெண்பது. என் கூலியில் வாரம் ஒரு விரிப்பு கழிப்பதாகப் பேச்சு.

"இந்த வாரம் எந்த விரிப்புங்க?" என்பாள் வீட்டுக்காரி, கூலிக் கவரை வாங்கிக்கொண்டே. அவளும் அதே கூடத்தில்தான், இஸ்திரி மேசையில்.

வெளுப்பு மருந்து கலக்குவது பதினோரு வருஷமாக என் வேலை. ஒரு மக் மருந்து, எட்டு மக் தண்ணீர். விரிப்பு கிழிந்த அன்றோடு என்னை ஈரத்துணி சுமக்க அனுப்பிவிட்டார் முதலாளி. இடுப்பு போனதுகூடப் பரவாயில்லை. "வயசாச்சு, கை தடுமாறுது" என்று நாலு பேர் முன்னால் சொன்னார் பாருங்கள், அதுதான் சோற்றை இறங்கவிடவில்லை. கை தடுமாறவில்லை என்று எனக்குத் தெரியும். எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கிழிந்த விரிப்புகளை என்னிடமே கொடுத்துவிட்டார். அன்று காலியான மருந்துக் கேனையும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆகுமென்று தூக்கிவந்தேன்.

துணிக்கு அடையாளம் போடும் பேனாவை எடுத்து, விரிப்பில் 'அ' எழுதினாள் வீட்டுக்காரி.

"இந்த வயசுல எனக்கெதுக்கும்மா படிப்பு?"

"இருபத்துநாலு சிலேட்டுக்குக் காசு கட்டுறோம். சும்மா மடிச்சு வைக்கவா?"

ஓட்டை வந்த இடத்தில் எழுத்து அறுந்துபோகும்.

"இது என்ன எழுத்து?"

"பாதியை மருந்து தின்னுடுச்சு. மீதியை நீங்க முடிங்க."

எட்டு விரிப்பு எழுத்துக்கே போயிற்று. ஒன்பதாவதில் சதவீதம். "நூறு மக்ல நாலு மக் சரக்கு இருந்தா நாலு சதவீதம். மிச்சமெல்லாம் தண்ணி" என்றாள்.

அந்த வாரம்தான், செடிக்கு ஊற்றும்போது கேனில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். எண்கள் முன்பே தெரியும். ஆனால் விலை எது, தேதி எது, வீரியம் எது என்று பிரிக்கத் தெரியாது. கூடத்து நீலக் கேன்களில் வீரியம் நாலு சதவீதம். இதுவும் அதே நீலம். இதில் பன்னிரண்டு.

தண்ணீர் என் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் கேனோடும் ஒரு விரிப்போடும் முதலாளி முன்னால் போய் நின்றேன். வீட்டுக்காரி இஸ்திரியை அணைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். கணக்கை விரிப்பிலேயே எழுதியிருந்தேன்.

"ஒரு மக் மருந்து, எட்டு மக் தண்ணி, மொத்தம் ஒன்பது. பன்னிரண்டை ஒன்பதால வகுத்தா ஒண்ணேகாலுக்கும் மேல. துணி தாங்குறது அரை சதவீதம், மொதலாளி."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இருப்பா. கலவையில எட்டுல ஒரு பங்கு மருந்துன்னுதானே நான் சொன்னேன்? அப்போ தண்ணி ஏழு மக். பதினோரு வருஷமா தப்பாவா கலந்த?"

இதை நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்காரி பேனாவை நீட்டினாள். ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து வகுத்தேன்.

"தப்புதான். ஒரு மக் தண்ணி கூடவே ஊத்தியிருக்கேன். ஆனா அதுல துணி கிழியாது, அழுக்குதான் கொஞ்சம் மிஞ்சும். அன்னைக்கு நீங்க சொன்னபடி ஏழு ஊத்தியிருந்தா ஒண்ணரை சதவீதம். இன்னும் மோசமாப் போயிருக்கும்."

முதலாளி பில் கட்டை இழுத்துப் புரட்டினார். விரிப்பு கிழிந்த வாரத்துப் பில்லில் விரல் நின்றது. மருந்துக் கடையில் வழக்கமான சரக்கு இல்லாமல் வீரியம் கூடினதை அனுப்பியிருந்தார்கள். கீழே வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து.

"என் கையெழுத்துதான்" என்றார், மெதுவாக. நோட்டை எடுத்து என் வரியை அடித்து, பக்கத்தில் ஏதோ எழுதினார். "மீதி பதினஞ்சு விரிப்பு தள்ளுபடி."

"கட்டின ஒன்பது?" என்றாள் வீட்டுக்காரி.

அவர் அவளைப் பார்த்தார். மேசையைத் திறந்து ஆயிரத்து அறுநூற்று இருபதை எண்ணி வைத்தார். "இந்தம்மா இருக்கிற வீட்டுல எப்படிப்பா குடித்தனம் பண்ற? போ, போய் மருந்தைக் கல. ஏழு மக்!"

வீட்டுக்காரி நகரவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பினாள். "பக்கத்துல என்னமோ எழுதியிருக்காரு. படிங்க."

எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்தேன்.

"தீர்ந்தது."