மலேரியா ஜீப், இரண்டு தரம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. பக்கத்து வீட்டிலிருந்து எடுத்தது. தருமபுரியில் நான் குடியிருக்கும் வீட்டை ஒட்டி அமீருன்னிசா இருக்கிறார். போன ரம்ஜானன்று அவர் பிரியாணி கொண்டுவந்து கொடுத்தபோது அழுதிருந்தது தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எழுதுகிறவனுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

"அந்த ஜீப்பு ஏலத்துக்கப்புறம் எங்கண்ணனும் இவரும் பேசிக்கிறதில்லீங்க சார். பண்டிகையன்னைக்குக்கூட அண்ணன் வூட்டுக்குப் போக முடியல."

'இவர்' அவருடைய கணவர் அப்துல் ஷுக்கூர். அண்ணன், புளி வியாபாரி நூர் பாஷா. அதுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு, தருமபுரி மாவட்டம் வறட்சியில்...' பள்ளிக்கூடப் பாடம் போலிருந்தது. அடித்தேன்.

அடுத்தது: 'ஜீப்புக்குள் இன்னும் கொசு மருந்து நாறியது.' இது பரவாயில்லை. மலேரியா ஒழிப்புக்காரர்கள் ஓட்டித் தேய்த்த ஜீப். இனி உதவாது என்று கண்டம் செய்து, ஓர் அரசு வளாகத்தில் பழைய லாரி ஒன்றோடு ஏலத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். அங்கே ஸ்டார்ட் செய்து பார்க்க விடமாட்டார்கள். ஷுக்கூர் மாதிரி ஆட்கள் குனிந்து பார்த்துச் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

ஷுக்கூர் காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்து வண்டிப் பக்கம் வந்தவர். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். கொடுத்த கை கொடுத்ததுதான். மாற்றிப் பேசியவனுக்கு அப்புறம் ஒருவரும் கை நீட்டமாட்டார்கள். தரகர் மட்டும் விற்பவருக்கும் கை கொடுப்பார், வாங்குபவருக்கும் கொடுப்பார். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு...

(வேண்டாம். அவசரப்படுகிறேன்.)

3

நூர் பாஷாவைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். விரலுக்குத் தடித்த மோதிரம்கூடப் போட்டுவிட்டேன். நிற்கவில்லை. ஷுக்கூர் காய்ச்சலில் கிடந்தபோது அந்த வீட்டுக்கு அரிசி போட்டவர் அவர். மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.

பெரிய வியாபாரி வாய் திறந்தால் ஏலத்தில் விலை ஏறிவிடும். அதனால் அவருக்காக எப்போதும் ஷுக்கூர்தான் கேட்பார். அன்று காலை நூர் பாஷா லாரியையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஷுக்கூரின் கையைத் துண்டுக்குள் பிடித்தார்.

"நான் கண்ணு காட்டுற வண்டிக்கு நீ கேளு மாப்ளே. எவன் ஏத்தினாலும் விட்ராத."

"சரிங்க மச்சான்."

லாரியைத்தான் சொல்கிறார் என்று ஷுக்கூர் நினைத்துக்கொண்டார்.

(இவர்கள் தங்களுக்குள் உருதுதான் பேசுவார்கள். எனக்கு அது வராது. நான் தமிழில் பேசவைத்திருப்பதைப் படித்துக்காட்டிய அன்று அமீருன்னிசா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.)

4

சித்தேரி மலையிலிருந்து சின்னன் வந்தார். முதலில் எழுதியபோது அவர் மனைவியை நிறைமாதமாக்கி, டோலியில் கட்டித் தூக்கிவந்தேன். எனக்கே கூச்சமாகிவிட்டது. மலைக்காரர் ஒருவர் ஜீப் வாங்குவதற்கு யாராவது செத்துத் தொலைய வேண்டுமா?

காரணம் புளி. மலைப் புளியை அடிவாரத்தில் நூர் பாஷா சொல்லும் விலைக்குத்தான் போட்டாக வேண்டும். ஜீப் இருந்தால் அவர்களே கம்பைநல்லூர் கொண்டுபோய் விற்கலாம். அதற்காக மலையில் எல்லோரும் சேர்ந்து சின்னனை அனுப்பியிருந்தார்கள்.

"இஞ்சினு எப்படிங்க பாய்?"

"நல்லாருக்குதுங்க கவுண்டரே. மலை ஏறும். தைரியமா எடுங்க."

"நீங்க குறுக்க வந்துர மாட்டீங்களே?"

சின்னன் துண்டைப் போட்டுக் கையை நீட்டினார். நீட்டிய கையைப் பிடிக்காமல் விட ஷுக்கூருக்குத் தெரியாது. பிடித்தார். இரண்டு பக்கமும் கை கொடுத்தே வாழ்ந்தவர். ஏலத்தில் தரகர் என்று ஒருவர் கிடையாது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

5

கிளார்க் முதலில் லாரியை ஏலம் விட்டார். நூர் பாஷா எந்தச் சாடையும் காட்டவில்லை. லாரி யாருக்கோ போனது. ஷுக்கூர் திரும்பி ஜீப்பைப் பார்த்தார்.

அடுத்தது ஜீப். நூர் பாஷா கண்ணைக் காட்டினார்.

சின்னன் கேட்டார். யாரோ ஏற்றினார்கள். சின்னன் மறுபடி ஏற்றினார். (தொகையை எழுதமாட்டேன். ஏலக் கதை என்றால் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறீர்கள்.) அதற்கு மேல் மலையிடம் இல்லை என்பது சின்னனின் குரலிலேயே தெரிந்தது. வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

"ஒரு தரம்."

நூர் பாஷா மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். "கேளு மாப்ளே. நானே கேட்டா மலையில எவனும் எனக்குப் புளி போடமாட்டான்."

ஷுக்கூர் நிமிர்ந்தார். எதிரே சின்னன் அவரைப் பார்த்துச் சிரித்தார். கை கொடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"ரெண்டு தரம்."

6

முடிவு அ: ஷுக்கூர் கேட்டுவிடுகிறார். ஜீப் நூர் பாஷாவுக்கு. சின்னன் பஸ் ஏறுகிறார். மச்சானைப் பார்த்தாலே ஷுக்கூருக்குத் தன் கை ஞாபகத்துக்கு வருகிறது. அந்த வீட்டு வாசலை அவர் மிதிப்பதில்லை.

முடிவு ஆ: ஷுக்கூர் கேட்கவில்லை. ஜீப் மலைக்கு. நூர் பாஷா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிறார். அப்புறம் அவர் இந்தத் தெருப் பக்கம்...

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டையும் அமீருன்னிசாவிடம் படித்துக்காட்டி, எதை வைக்கட்டும் என்று கேட்டேன்.

"எதை வெச்சாலும் எனக்கு அண்ணன் வூடு இல்லீங்களே சார்."

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு பக்கங்களில் அவரை நான் அந்த வளாகத்தின் பக்கம்கூடக் கொண்டுபோகவில்லை.

அவர் எழுந்து போனார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"ரெண்டு தரத்தோட நிறுத்திடுங்க. அது வரைக்கும் பேசிட்டுத்தான் இருந்தாங்க."

7

நிறுத்திவிட்டேன். கிளார்க்கின் வாய் திறந்திருக்கிறது. சின்னன் சிரித்துக்கொண்டிருக்கிறார். மச்சானின் கை மாப்பிள்ளையின் தோளில்தான் இருக்கிறது.

மூன்றாம் தரத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.