பத்தாவது பெயர்

வலது தோளிலிருந்து கழுத்து வரை ஒரே இழுவை. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கைக்காசுக்காகத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள் கோகிலா. பதினேழு கிலோ. நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்கு வந்தவளால் சாக்கை உதறிக் காயப்போடக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து இடது கையால் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் தெரேசம்மா ஒரு கையில் தாளும் மறு கையில் மூடிய கிண்ணமுமாக வந்தாள். பின்னால் அவள் மகள் ரோஷானி.

"எங்க லொக்கு மிஸ் எங்க? பன்சலைக்குப் போனவங்க இன்னும் வரலயா?"

பெரிய டீச்சர் என்ற அந்தக் கேலி கோகிலாவின் மகள் ஷாமிளாவுக்குத்தான். டவுனில் உள்ள சிங்களப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அங்கே சைவ சமயம் சொல்லித்தர ஆள் இல்லை. பரீட்சைக்கு ஏதாவது ஒரு சமயம் எழுதியாக வேண்டும். அதனால் பௌத்தம் எடுத்திருந்தாள். ஞாயிறு காலையில் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு பன்சலைக்கு, புத்த கோவிலில் நடக்கும் சமய வகுப்புக்கு, போவாள். மாலையில் மாரியம்மன் கோவிலில் விளக்குப் போடுவதும் அவள்தான்.

"உள்ளதான் இருக்கா அக்கா. அது என்னா கடுதாசி?"

"இரத்தினபுரியில துணிக்கடையில ரோஷானிய சேத்துக்கிறேன்னாங்க. இந்த பாரத்த நெரப்பிக் குடுக்கணும். எல்லாம் சிங்களம். தமிழ்ல இல்லையான்னு கேட்டேன், முடிஞ்சுபோச்சாம். நமக்குன்னா எப்பவும் முடிஞ்சுதானே போகும்."

ஷாமிளா பேனாவோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தாளை ஒருமுறை கண்ணால் ஓட்டினாள்.

"சம்பூர்ண நம... முழுப் பேரு என்னா பெரியம்மா?"

"அடியே, எனக்கும் சிங்களம் வெளங்கும். கடையில சண்டையே சிங்களத்துலதான் போடுறேன். படிக்கத்தான் தெரியாது. நீதான் தமிழன் வீட்டுல பொறந்துட்டு, கோவில் நோட்டீஸ எழுத்துக் கூட்டிக்கிட்டு நிக்கிற."

ஷாமிளாவும் ரோஷானியும் சிரித்தார்கள். கோகிலா தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் எழுதியாகிவிட்டது. அடுத்த கோட்டில் ஷாமிளாவின் பேனா நின்றது.

"எத்தன வரைக்கும் படிச்சேன்னு கேக்குறாங்க. எட்டுன்னு போடவா?"

"பொய் எழுதாத," என்றாள் ரோஷானி. "அஞ்சுன்னு போடு."

"ஒரு தவணை பலாங்கொட தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனியே?"

"ரெண்டு பஸ் மாறிப் போயி ஒரு தவணை. அதெல்லாம் கணக்குல வராது. அஞ்சு."

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் ரோஷானி ஷாமிளாவைவிட இருபத்திரண்டு புள்ளி அதிகம் எடுத்தவள்.

அந்த வருடம்தான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு ஆட்டம் கண்டது. பத்துப் பிள்ளைகளாவது இருந்தால்தான் வகுப்பு நடத்த விடுவோம் என்று கல்வி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அங்கே படிப்பித்த லியோன் சார் லயம் லயமாக ஏறி இறங்கிப் பெயர் சேர்த்தார். ஒன்பது சேர்ந்தது. பத்தாவதாகக் கோகிலாவிடம் வந்தார்.

"அனுப்புறேன் சார்," என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டாள். சாரின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி இந்தத் தோட்டத்தில் யாருக்கும் பழக்கமில்லை.

ஆனால் அதற்கு முந்திய வாரமே அவள் சிங்களப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். அவள் புருஷன் சுமன் மாணிக்கக் குழியில் மண் சரிந்து செத்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் வைத்து முதலாளியின் ஆள் ஒரு சிங்களத் தாளை நீட்டினான். பிரேதம் எடுக்க என்று நினைத்துக் கையெழுத்து வைத்தாள். இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று அதில் எழுதியிருந்ததாம். மகளைச் சிங்களம் வாசிக்கத் தெரியாதவளாக விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

முன்கூட்டிச் சொன்னால் சார் பள்ளிக்கூடம் மாறுவதற்கான விடுகைப் பத்திரம் தராமல் இழுத்தடிப்பாரோ என்று பயந்து, சொல்லாமலே இருந்தாள். தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் ஒரு பிள்ளை வரத் தயாராக இருந்தது. பத்து சேர்ந்துவிட்டது என்று சார் அந்தப் பிள்ளையைக் கேட்காமல் விட்டுவிட்டார்.

அதிகாரி வந்து தலை எண்ணிய நாளும் சிங்களப் பள்ளிக்கூடத்து நேர்முகமும் ஒரே நாளாக அமைந்தன. சார் ஓடி வந்து பார்த்தபோது காம்பரா பூட்டிக் கிடந்தது. ஒன்பது தலை என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்றாள் கோகிலா. வகுப்பு மூடியபின் சார் விடுகைப் பத்திரத்தைத் தானே எழுதிக் கொடுத்து, "ஒம் புள்ளையாவது எங்கயாவது போயி படிக்கட்டும்," என்றார். மறு வருடம் அவரும் மாற்றலாகிப் போனார்.

"ஒம் புள்ளைக்கு அன்னைக்குப் பாத்து காய்ச்சல் வந்துச்சு," என்றாள் தெரேசம்மா இப்போது. "காய்ச்சலுக்கு யாரு என்னா செய்ய? தலை எண்ண வந்த அந்த ஐயா ஒரு நாளு பொறுத்திருந்தா கொறஞ்சா போயிருப்பாரு? நாசமாப் போனவரு. இன்னமும் ஒவ்வொரு பூசையிலயும் மாதாகிட்ட அவரப் பத்திச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஷாமிளா நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். அன்றைக்குப் புது கவுன் போட்டுப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவள் அவள். காய்ச்சல் இருந்ததா என்று அவளுக்குத் தெரியும்.

கோகிலா வாயைத் திறந்தாள்.

"எழுதும்மா," என்றாள். "அக்காவுக்கு நேரமாகுது."

ஷாமிளா குனிந்து எழுதினாள். ரோஷானி கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாள். அச்சில் வார்த்ததுபோல் எழுத்து. ஐந்தாம் வகுப்பில் லியோன் சார் சுவரில் ஒட்டி வைத்த எழுத்து.

"நல்லாரு புள்ள," என்று ஷாமிளாவின் தலையைத் தடவினாள் தெரேசம்மா. "நீ இல்லாட்டி இத எழுத ஆளத் தேடிக் கந்தோரு கந்தோரா அலையணும். கோகிலா, ஈரப்பலா அவிச்சேன், சூடாத் தின்னு. தோளுக்கு வெந்நி வச்சு ஒத்தடம் குடு."

அவர்கள் போன பிறகு ஷாமிளா பேனாவை மூடினாள்.

"சொல்லியிருக்கலாம்மா."

"சொன்னா? ரோஷானி ஆறாம் வகுப்புக்குப் போயிருவாளா?"

"போக மாட்டா. பெரியம்மா அந்த ஐயாவத் திட்டுறத நிப்பாட்டுவாங்க."

கோகிலா கிண்ணத்தைத் திறந்தாள். மேலே தேங்காய்ப்பூ போட்டிருந்தது. பசித்தது, தின்றாள்.

காலையில் கிண்ணத்தைக் கழுவி, வெறுமனே கொடுக்காமல் கொஞ்சம் சீனி போட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். அது முடியும். ஆனால் ரோஷானிக்குக் கோகிலா ஓர் ஆறாம் வகுப்பு தர வேண்டும். இன்னும் தரவில்லை.